வாயாடி மூடாத ஃபைல்

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவள். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் "போய் வேலையைப் பாருங்க" என்று எழுந்து போய்விடுகிற ஆள். அதனால் இதை நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கதை கட்டுகிற சாமர்த்தியம் இருந்தால் நான் ஏன் ஊரார் மேஜைக்கடியில் ஒட்டடையோடு படுத்து ஒயர் பிடுங்கிக்கொண்டிருக்கப் போகிறேன்?

வேலைக்குப் போகும் இடத்திலெல்லாம் நேரம் குறித்துக்கொள்வது என் வழக்கம். எத்தனை மணிக்கு என்ன செய்தேன், மெஷின் என்ன சொன்னது என்று ஒரு சிட்டையில் எழுதி வைப்பேன். இல்லையென்றால் மறுநாளே "நீங்க வந்துட்டுப் போனப்புறம்தான் கெட்டுப்போச்சு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைய சிட்டை இப்போது என் முன்னால் இருக்கிறது. கீழே வரும் நேரமெல்லாம் அதிலிருந்து எடுத்தவை. ஒரு நிமிடம்கூட நான் கூட்டவில்லை.

இன்னொன்று. இது நடந்தது நல்ல பட்டப்பகல். ஜன்னல் வழியாக வெயில் மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. ராத்திரி என்றால் தூக்கக் கலக்கம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லை.

மதியம் 2.10க்கு போன் வந்தது. வயதான குரல். மெயிலில் ஃபைல் அட்டாச் செய்யப் போனால் புரோகிராம் அப்படியே நின்றுவிடுகிறதாம். அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை அனுப்பியாக வேண்டுமாம். எனக்கு அன்றைக்கு வேறு இரண்டு இடம் பாக்கி. மறுநாள் வருகிறேன் என்றேன். "நாளைக்கு வந்து பிரயோஜனம் இல்லம்மா" என்றார். அந்தக் குரலில் என்னமோ இருந்தது. வண்டியை எடுத்துவிட்டேன்.

2.45க்கு அந்த வீடு. கீழே இரண்டு அறை, மேலே ஒரு அறை, நடுவில் குறுகலான படிக்கட்டு. அவர் சட்டப் புத்தகம் அச்சிடும் இடத்தில் முப்பத்தெட்டு வருடம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். காதில் சிவப்புப் பேனா. என் விசிட்டிங் கார்டை நீட்டினேன். வாங்கிப் படித்தவர் இரண்டு இடத்தில் சுழித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்ததே கோபம். உதவிக்கு வந்தவளுக்குப் பரீட்சை மார்க் போடுகிறாரே மனுஷன் என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

மெயில் வந்தது, போனது. ஒரு குறையும் இல்லை. ஆனால் ஃபைல் சேர்க்கிற கிளிப் படத்தை அழுத்தினால் போதும்... மவுஸ் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. திரை வெளுத்தது. 'புரோகிராம் பதில் சொல்லவில்லை. மூடவா, காத்திருக்கவா?' என்று கேட்டது. மூடினேன். இது 2.55.

"சார், இது கிடக்கட்டும். ஃபைலைக் குடுங்க, என் போன்லேருந்து ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடறேன்" என்றேன்.

"ஃபைல் உள்ளதானம்மா இருக்கு. அதத்தான் எடுக்க முடியல."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நான் மெஷினை நோண்டிக்கொண்டே கேட்டேன்.

அவருக்கு ஒரே மகள். வீடுகளில் இருக்கும் சிலந்திகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாடியறையில் உட்கார்ந்து தன் லேப்டாப்பில் எழுதுவாள். ஓர் அத்தியாயம் முடிந்ததும் ஃபோல்டரில் போட்டுவிட்டு, படியில் நின்று "போட்டாச்சுப்பா" என்று கத்துவாள். இவர் கீழே கிளிப்பை அழுத்துவார். ஃபோல்டர் திறக்கும். எடுத்துப் பிழை பார்த்து, இவரே அவளுடைய பேராசிரியருக்கு மெயிலில் அனுப்புவார். அவளே அனுப்பக்கூடாதா என்று கேட்டேன். தன் கண் படாமல் இந்த வீட்டிலிருந்து ஒரு தாள் வெளியே போகக்கூடாது என்பது அவர் கட்டளையாம். இதில் வேடிக்கை, அவருக்குச் சிலந்தி என்றால் உயிர் போகிற பயம். ஐந்து அத்தியாயத்தையும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டுதான் படித்தாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

"ஆறாவது முடிச்சிட்டேன்ப்பா, ஒரு தடவை பாத்துட்டுப் போட்டுடறேன்னு சொல்லிட்டுத்தான் அன்னிக்குக் கிளம்பினா."

அன்றைக்கு லாரி மோதியது. மூன்று மாதம் ஆகிறது.

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பல்கலைக்கழகத்தில் இரக்கப்பட்டு மூன்று மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆறு அத்தியாயமும் மொத்தமாக வந்துவிட்டால் பட்டம் அவள் பெயருக்குக் கிடைக்கும். வராவிட்டால் அவள் பெயரை அடித்துவிடுவார்கள். அவகாசம் அன்று மாலை ஐந்து மணியோடு தீர்கிறது. மகள் போனதிலிருந்து இவர் தினமும் மதியம் உட்கார்ந்து கிளிப்பை அழுத்துகிறார். தினமும் நின்றுபோகிறது. தனக்குத்தான் சரியாக இயக்கத் தெரியவில்லை என்று நினைத்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அஞ்சு வருஷ உழைப்பும்மா" என்றார்.

3.05க்குக் கூடுதலாகச் சேர்த்திருந்த ஒட்டு புரோகிராம்களையெல்லாம் கழற்றிப் பார்த்தேன். நின்றது. 3.20க்கு வைரஸ் காவலை அணைத்தேன். நின்றது. 3.35க்கு மெயில் புரோகிராமையே புதிதாகப் போட்டேன். அதுவும் நின்றது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கிளிப்பை அழுத்துகிற ஒவ்வொரு முறையும் அலமாரிமேல் இருந்த இன்டர்நெட் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு படபடவென்று அடித்தது. மூடினால் நின்றது. வீட்டுக்குள்ளேயே இரண்டு கம்ப்யூட்டர் பேசிக்கொண்டால்தான் அந்த விளக்கு அப்படி அடிக்கும். இங்கே ஓடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். பெட்டி பழசு, கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

3.50க்குப் பழுதைப் பிடித்தேன். விஷயம் இதுதான். கிளிப்பை அழுத்தினால் புரோகிராம் கடைசியாகத் திறந்த ஃபோல்டரைத் தேடிப் போகும். அந்த ஃபோல்டர் வீட்டில் இருக்கும் வேறொரு கம்ப்யூட்டருக்குள் இருந்து, அந்தக் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தால், பாவம், இது வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதைத்தான் நாம் ஹேங் ஆகிவிட்டது என்கிறோம். எந்தக் கம்ப்யூட்டரைத் தேடுகிறது என்று பார்த்தேன். பெயர் 'வாயாடி' என்று இருந்தது.

"பிடிச்சுட்டேன் சார். வாயாடின்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கே, அதை ஆன் பண்ணுங்க. எல்லாம் சரியாயிடும்" என்றேன் பெருமையாக.

அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. மகளை வீட்டில் அவர் கூப்பிடும் பெயர் அது.

லேப்டாப் அன்று அவள் தோளில் மாட்டிய பைக்குள் இருந்திருக்கிறது. போலீஸ்காரர்கள் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார்களாம். உடைந்த மூடியும் சில எழுத்துப் பொத்தான்களும்தான் மிச்சம். மற்றதெல்லாம் சக்கரத்துக்கடியில் தூளாகிவிட்டது.

அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. 4.02.

"சார்... அந்த ஃபோல்டர் இந்த கம்ப்யூட்டர்ல எப்பவுமே இல்ல. அவங்க லேப்டாப்புக்குள்ளதான் இருந்துச்சு. இது சும்மா எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான்."

"கிளிப்பை அழுத்தினா இங்கதானம்மா திறக்கும்?"

"ஆமா சார். ஆனா... இல்ல சார்."

அவர் புரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடம் அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனையோ வீட்டில் டிஸ்க் போய்விட்டது, கல்யாணப் படமெல்லாம் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். இது அப்படி இல்லை. அவருடைய பெண்ணை இரண்டாம் தடவை பறித்துக்கொண்டது போல் இருந்தது.

"இன்னொரு தடவை அழுத்தும்மா" என்றார். "நீ ஒவ்வொரு தடவையும் மூடிடற. நானும் பயந்து மூடிடுவேன். இந்த தடவை மூடாதே. இருந்து பாப்போம்."

பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். மறுக்க மனசு வரவில்லை.

4.07. கிளிப்பை அழுத்தினேன். திரை வெளுத்தது. மூடவா, காத்திருக்கவா என்று கேட்டது. 'காத்திரு'.

பச்சை விளக்கு அடிக்க ஆரம்பித்தது.

4.16க்கு அவர் மனைவி உள்ளிருந்து டீ கொண்டுவந்தார். நான் வந்ததிலிருந்து அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"மேல ஏதாவது மெஷின் வச்சிருக்கீங்களாம்மா?"

"இல்லையே. ஏன்மா?"

"டைப் அடிக்கிற சத்தம் கேக்குது. தினம் மத்தியானம் கேக்கும். இன்னிக்கு ரொம்ப வேகமா இருக்கு."

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "என்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்க. மாத்திரை குடுப்பாங்க. சத்தம் நின்னுடும்."

சொல்லிவிட்டு அந்த அம்மா படிக்கட்டின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மின்விசிறிச் சத்தம். தெருவில் ஒரு வண்டி. வேறு ஒன்றும் இல்லை.

மின்விசிறியை அணைத்தேன்.

டக்... டக்டக்... டக்டக்டக்...

மேலே.

4.24. எலி என்று சொல்லிக்கொண்டேன். பல்லி என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் பதினாறு வருடமாகக் கீபோர்டோடு குடித்தனம் நடத்துகிறேன். வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகிற பொத்தான் சத்தம் எனக்குத் தெரியாதா?

மேலே போய்ப் பார்த்திருக்கலாம். கால் எழவில்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

4.31.

திரையில் வெளுப்பு மறைந்தது.

ஃபோல்டர் திறந்தது.

'வாயாடி' என்று தலைப்பு. உள்ளே ஆறு ஃபைல். ஐந்தின் தேதி பழையது. ஆறாவதின் தேதி...

அன்றைய தேதி. மணி 4.29.

ஆறாவதை அழுத்தினேன். திறக்கவில்லை. ஒரு சின்னப் பெட்டி வந்தது.

'இந்த ஃபைலை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். திறந்திருப்பவர்: வாயாடி.'

இருவர் ஒரே ஃபைலைத் திறந்தால் இப்படித்தான் வரும். ஆபீஸ்களில் தினமும் பார்க்கிற செய்தி. முதலில் திறந்தவர் மூடினால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும்.

4.38. மறுபடி அழுத்தினேன். அதே பெட்டி.

4.44. அதே பெட்டி. மேலே சத்தம் நிற்கவே இல்லை. இன்னும் பதினாறு நிமிடம்தான்.

4.49.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரைக்கு மிக அருகில் குனிந்தார். தூங்குகிற குழந்தையை எழுப்புகிற குரலில் பேசினார்.

"போதும்டா. நல்லாத்தான் இருக்கும். குடு... மிச்சத்த அப்பா பாத்துக்கறேன்."

டக்... டக்...

டக்.

நின்றது.

படியில் உட்கார்ந்திருந்த அம்மா சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

4.51. பெட்டி மாறியது. 'ஃபைல் இப்போது உங்களுக்குக் கிடைக்கும்.'

இரண்டு தடவை தவறி அழுத்தினேன். திறந்தது. முப்பத்தேழு பக்கம். எடுத்து அப்படியே அனுப்பிவிடலாம் சார், நேரமில்லை என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. படிக்காமல் அனுப்பிப் பழக்கமில்லை என்றார். பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். நடுவில் ஒரு நீளமான அட்டவணை. அங்கே நின்றார். விரலை வைத்து மேலிருந்து கீழே வரிசை வரிசையாக வந்தார். அவர் உதடு அசைந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவும் இல்லை. அட்டவணையில் அப்படி அழ என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்துகொள்கிற நிலையிலும் நான் இல்லை.

அவர் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஃபைலை மூடி, "அனுப்பும்மா" என்றார்.

ஆறு ஃபைலும் 4.58க்குப் போய்ச் சேர்ந்தன.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதற்கு அர்த்தமில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பெயரை இன்னொரு தடவை திரையில் பார்க்கக்கூடாது என்ற ஒரே நினைப்புதான். அவர் மனைவியிடம் எழுந்து போன நேரத்தில், புரோகிராம் தேடிப் போகும் இடத்தை மாற்றிவிட்டேன். இனி கிளிப்பை அழுத்தினால் இந்தக் கம்ப்யூட்டரின் ஃபோல்டர்தான் திறக்கும். அழுத்திப் பார்த்தேன். பட்டென்று திறந்தது. பச்சை விளக்கு அசையவில்லை. 'பழுது நீக்கப்பட்டது, 5.06' என்று சிட்டையில் எழுதிவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்து யோசித்து ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரின் ஃபைலை இந்தக் கம்ப்யூட்டர் தனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்திருக்கும். அந்த நகல்தான் திறந்திருக்கிறது. தேதி குளறுபடி. சத்தம் எலி. நன்றாகத்தான் இருந்தது சமாதானம். ஒன்பது நாள் அதிலேயே ஓட்டினேன்.

பத்தாம் நாள் அவர் போன் செய்தார். எல்லாம் நன்றாக வேலை செய்கிறதாம். அதுதான் கஷ்டமாம்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே. அந்தப் பழுதைத் திரும்ப வச்சுக் குடுக்க முடியுமாம்மா?"

அன்றே போனேன். 'வாயாடி' என்று நானே தட்டெழுதி, பழைய வழியை அப்படியே போட்டேன். அவர் கிளிப்பை அழுத்தினார். நிற்கவில்லை. சுற்றவில்லை. ஒரு நொடியில் பதில் வந்துவிட்டது. 'அந்தப் பெயரில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை.' எட்டுத் தடவை முயன்றேன். எட்டுத் தடவையும் அதே ஒரு நொடி. அப்படியே அந்த மெஷினைத் துருவிப் பார்த்தேன். நகல் எடுத்து வைக்கிற வசதி அதில் என்றைக்குமே போடப்பட்டிருக்கவில்லை.

"அவ அம்மாவுக்கும் இப்ப ஒண்ணும் கேக்கறதில்லயாம்" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஏழு மாதம் கழித்து மகளுக்குப் பட்டம் கொடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார். மேடையில் அவரும் மனைவியும் சேர்ந்து அந்தத் தாளை வாங்கினார்கள். அவர் அங்கேயே நின்று அதைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் இறங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தேன்.

அவளுடைய பேராசிரியர் என்னைத் தேடி வந்தார். அன்றைக்கு மெயில் அனுப்பியபோது கூட இருந்தவள் நான்தான் என்று அவள் அப்பா சொல்லியிருக்கிறார். என்னை ஒரு காலி வகுப்பறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஆறாவது அத்தியாயத்துக்கு ஒரே அறையில தொண்ணூறு நாள் விடாம சிலந்தியைப் பாத்து எழுதணும். விபத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி என் ரூமுக்கு வந்து அழுதா. இன்னும் ஒரு நாள்கூடப் பாக்கல மேடம், ஒரு வரிகூட எழுதல, அப்பாகிட்ட முடிச்சிட்டேன்னு பொய் சொல்லிட்டேன், அவர்கிட்ட சொல்லிடாதீங்கன்னா."



அட்டவணையில் தொண்ணூறு நாளும் இருந்தன என்றார். ஒரு நாள் விடாமல். 'இடம்: எங்கள் வீட்டு மாடியறை' என்று அவளே எழுதியிருந்தாளாம். முதல் தேதி, விபத்து நடந்து நான்காம் நாள். கடைசித் தேதி, மெயில் வந்த அன்று. தேர்வாளர்கள் வருடம் தவறாக அச்சாகியிருக்கிறது என்று நினைத்துக் கேட்டிருக்கிறார்கள். பேராசிரியருக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அதனால் அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார்.

"என்ன சொன்னார் மேடம்?"

"வரிவரியா பாத்துட்டேன், அதுல பிழை ஒண்ணும் இல்லம்மான்னுட்டார்."